மகள் படிக்க விரும்பும் கணிதப் பௌதிகம்



முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் எமது சேமிப்புக் குழுவின் கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கும். சென்ற மாதம் கணக்குப் பார்த்து முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு அக்கா மட்டும் வாங்கிலை விட்டு எழும்பவில்லை. கையில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கின்றது என்று சொல்லி அதை என்னிடம் நீட்டினார். பௌதிக விஞ்ஞானம், யாழ்ப்பாணம்.

இந்த அக்காவை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். 2009 மே மாதத்திற்குப் பின் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போகாத விசாரணை இல்லை, கொடுக்காத மனு இல்லை. கச்சான் தோட்டத்தில் கூலி வேலை, வீட்டில் கொஞ்சக் கோழி. அந்த வருமானத்தில் ஒரு பிள்ளையைக் கணிதப் பிரிவில் உயர்தரம் வரை கொண்டு வந்தது சிறிய காரியமல்ல. நான் சந்தோசத்தில் அவருடைய கையைப் பிடித்தேன். அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோசம் இருக்கவில்லை.

“தங்கச்சி, டொக்டர் எண்டால் தெரியும். எஞ்சினியர் எண்டால் தெரியும். ரீச்சர் எண்டால் தெரியும். இவள் கணிதப் பௌதிகம் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். அதைப் படிச்சால் என்னெண்டு சொல்லி வேலைக்குக் கூப்பிடுவினம்? நாலு வருசம், தங்கச்சி. நாலு வருசம் நான் தனிய இழுக்கோணும்.”

நான் உடனே சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகின்றேன். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமே, படிக்கும்போதே கொடுப்பனவும் வரும் என்றேன். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு பழக்கமாகி விட்டது. ஆண் துணை இல்லாத வீடு என்றால் எது கெதியில் உழைப்புத் தருமோ அதைத்தான் முதலில் சொல்வோம். தையல், கோழி, கணனிப் பயிற்சி, தாதி. பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்பது கடைசியில்தான்.

மகள் தாயைக் கூட்டிப் போகச் சைக்கிளோடு வாசலில் நின்றாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கோபிக்கவில்லை. முன்பள்ளி முற்றத்து வேப்பமரத்தில் கட்டியிருந்த ஊஞ்சலைக் காட்டினாள்.

“மிஸ், அந்த ஊஞ்சல்ல சின்னப் பிள்ளை இருந்தாலும் அம்மா இருந்தாலும் ஒருக்காப் போய் வாற நேரம் கிட்டத்தட்ட ஒண்டுதான். பாரம் அதில வராது. கயித்தின்ர நீளம்தான் வரும். அது ஏன் எண்டு ஒரு தாள்ல எழுதிக் காட்டலாம். அப்பிடி எழுதிறதுதான் எனக்கு விருப்பம்.”

நான் நம்பவில்லை. அன்று இரவு வீட்டில் ஒரு மீற்றர் நூலில் சிறிய கல் ஒன்றைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டி, மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்துத் தரம் போய் வர ஏறக்குறைய 20 செக்கன். பெரிய கல்லைக் கட்டினேன். அதே 20 செக்கன். நூலைக் கால் மீற்றராகக் குறைத்தேன். 10 செக்கன். நூல் நாலில் ஒன்றாகும்போது நேரம் பாதியாகின்றது. நீங்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

நான் படித்தது சமூகவியல். கணிதம் சாதாரண தரத்தோடு நின்று விட்டது. ஆகவே அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போனபோது எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளரிடம் போயிருந்து, இந்தப் படிப்பு என்றால் என்ன, அந்த நாலு வருடத்தில் ஒரு பிள்ளை என்ன செய்கின்றது என்று விளக்கமாகக் கேட்டேன். பிறகு நானும் கொஞ்சம் தேடி வாசித்தேன். விளங்கியதை இங்கே எழுதுகின்றேன். இதே கேள்வியோடு இன்னும் பல தாய்மார் இருப்பீர்கள்.

பௌதிகவியல் இயற்கையை அளந்து பார்க்கின்றது. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக விழுகின்றது, எவ்வளவு சூட்டில் உருகுகின்றது என்று பரிசோதனை செய்கின்றது. கணிதப் பௌதிகம் அந்த அளவைகளுக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கணிதமாக எழுதி, அந்த எழுத்திலிருந்து வேறு என்னவெல்லாம் கட்டாயமாக நடக்க வேண்டும் என்று பார்க்கின்றது. எங்கள் பிள்ளை சொன்ன ஊஞ்சலையே எடுப்போம். ஊஞ்சலின் ஆட்டத்தை ஒரு வகையீட்டுச் சமன்பாடாக எழுதுவார்கள். ஒரு பொருளின் நிலை நேரத்தோடு எப்படி மாறுகின்றது என்று சொல்லும் சமன்பாடுதான் அது. வானொலியில் நிலையம் பிடிக்க நாம் குமிழைத் திருப்பும்போது உள்ளே மின்னும் ஊஞ்சலைப் போலவே அங்குமிங்கும் ஆடுகின்றதாம். அந்த ஆட்டத்திற்கு எழுதும் சமன்பாடும் இதே சமன்பாடுதான், எழுத்துகள் மட்டும் வேறு. ஒன்றுக்கு விடை கண்டவர் மற்றதற்கும் கண்டவர் ஆகின்றார். இதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் ஆசை வந்தது.

வானொலி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காது என்றிருந்த காலத்தில் நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயரிழுத்துச் செய்தி கேட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுற்றுவது சின்னப் பிள்ளைகளின் வேலை. கை நோகும். ஆனால் ஏன் சுற்றினால் மின் வருகின்றது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சுருளாகச் சுற்றிய கம்பிக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் மின் ஓடும் என்பதை இங்கிலாந்தில் பரடே 1831 இல் கண்டார். அவர் கணிதம் படித்தவர் அல்லர். பின்பு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்ஸ்வெல் அதையும் மின், காந்தம் பற்றிய மற்ற விதிகளையும் கணிதமாக எழுதினார். எழுதிப் பார்த்தபோது, மின்னும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவ முடியும், அந்த அலையின் வேகம் ஒளியின் வேகமாகவே வருகின்றது, ஆகவே ஒளியே அப்படியான ஓர் அலைதான் என்ற முடிவு தாளில் வந்து நின்றது. 1865 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இது இருக்கின்றது. அப்படியான அலைகளை ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் பரிசோதனையில் உண்டாக்கிக் காட்டியது அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் கழித்து. முதலில் தாள், பிறகு கண். வானொலி அதற்குப் பின்புதான்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் பெரும்பாலும் உயர்தரத்தில் படித்ததின் ஆழமான தொடர்ச்சி. வகையீடு, தொகையீடு, காவிகள், தாயங்கள், பொறியியலின் அடிப்படை. இரண்டாம் வருடம் வகையீட்டுச் சமன்பாடுகளும் மின்காந்தவியலும். பிறகு சக்திச்சொட்டுப் பொறியியல், அதாவது அணுவுக்குள் நடப்பவற்றின் கணிதம். அதன் பின்பு சார்புக் கொள்கை. உயர்தரத்தில் ‘ஏ’ எடுத்த பிள்ளைகளும் முதல் வருடத்தில் திடுக்கிட்டுப் போகின்றார்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். அதுவரை கணக்குக்கு விடை வந்தால் போதும். இங்கே ஏன் அந்த விடை வரத்தான் வேண்டும் என்று நிறுவிக் காட்ட வேண்டும். கடந்தகால வினாத்தாள் செய்து பாடமாக்கிய பிள்ளைக்கு இது புது உலகம். ஒரு கணக்கோடு மூன்று நாள் இருந்தும் ஒன்றும் வராமல் போகலாம். அது தோல்வியல்ல, அந்தப் படிப்பின் வழக்கமே அதுதானாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பிள்ளை சுவரைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கின்றாள் என்று நாம் நினைப்போம்.

கணிதமும் பௌதிகமும் ஆண்பிள்ளைகளின் பாடம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சக்தி அழிவதில்லை என்று நாம் எல்லோரும் பாடசாலையில் படித்தோம். அது ஏன் என்பதற்கு, இயற்கையின் விதி இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதால் என்று காரணம் காட்டும் தேற்றம் ஒரு பெண்ணுடையது. எம்மி நோதர், ஜேர்மனி, 1918. முதலாம் உலக யுத்தம் நடந்த அந்த நாட்களில் அவரைப் பல்கலைக்கழக விரிவுரையாளராக்க எதிர்ப்பு எழுந்தது. யுத்தத்திலிருந்து திரும்பி வரும் எங்கள் படைவீரர்கள் ஒரு பெண்ணிடமா இருந்து படிப்பது என்பது அதில் ஒரு நியாயம். சில வருடம் தன் வகுப்புகளை ஓர் ஆண் பேராசிரியரின் பெயரில்தான் அவர் நடத்தினார், சம்பளமும் இல்லை.

இது எங்கள் ஊருக்குப் புதிய படிப்பும் அல்ல. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜுக்குப் போய், சக்திச்சொட்டுப் பொறியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தார். பின்பு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார், அதன் பின் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும். 2001 இல் மெல்பேணில் காலமானார். அவரும் ஆண்தானே என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஆகவே இரண்டு பிரெஞ்சுப் பெண்களைப் பற்றி எழுதுகின்றேன். வெளிநாட்டுப் பெண்களின் சாதனைக் கதையைச் சொல்லி, இழப்போடு இருக்கும் பெண்களை எழும்பி ஓடு என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் பயிற்சிப் பட்டறைகளில் அதை அளவுக்கு மிஞ்சிச் செய்து விட்டோம். இவர்களை நான் எடுப்பதற்குக் காரணம் வேறு. இவர்கள் இந்தப் படிப்பைப் படித்தது யுத்தத்திற்குப் பிறகல்ல, யுத்தத்திற்குள் இருந்து.

செசீல் மொரெத் 1922 இல் பிறந்தவர், பிரான்ஸின் நோர்மண்டிப் பகுதியில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே தகப்பன் இறந்து விட்டார். சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. யுத்தம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாடு ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தபோது, கான் என்ற நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணிதம், பௌதிகம், இரசாயனம் படித்து 1943 இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குப் பரிஸுக்குப் போனார். 1944 ஜூன் 6 ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் தரையிறங்கின. பிரான்ஸை விடுவிக்க வந்தவர்களின் விமானங்கள்தான் அன்று கான் நகரத்தின் மேல் குண்டு போட்டன. செசீலின் வீடு தரைமட்டமானது. தாய், சகோதரி, பேத்தியார் மூவரும் அதற்குள் இறந்து போனார்கள். அந்த நாளில் அவர் பரிஸில் சோதனை எழுதிக் கொண்டிருந்தார். சோதனை இல்லாவிட்டால் அவரும் வீட்டில்தான் இருந்திருப்பார்.

இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. வாசிக்கின்ற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவோன் புரூவா அவரை விட ஒரு வயது இளையவர். தாய் தத்துவம் படிப்பித்த ஆசிரியை. தகப்பன் ஜோர்ஜ் புரூவா பௌதிகப் பேராசிரியர், பரிஸிலிருந்த உயர் ஆசிரிய கலாசாலையின் துணைத் தலைவர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கலாசாலை வேறு வேறு. இவோன் 1943 இல் பெண்களுக்கானதில் சேர்ந்தார். 1944 ஓகஸ்டில் ஜேர்மன் இரகசியப் பொலிசார் தகப்பனைப் பிடித்துக் கொண்டு போனார்கள். அவர்கள் தேடி வந்த ஒரு மாணவனைப் பற்றிய தகவலைக் கொடுக்க மறுத்ததுதான் குற்றம். அந்த மாதம் முடிவதற்குள் பரிஸ் விடுபட்டது. ஆனால் பிடிபட்டவர் அதற்கு முன்பே ஜேர்மனிக்குக் கொண்டு போகப்பட்டு விட்டார். அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஒரு தடுப்பு முகாமில் இறந்து போனார். நகரம் முழுக்கக் கொண்டாடும்போது ஒரு வீட்டில் மட்டும் வழி பார்த்துக் கொண்டிருப்பது எப்படியென்று இங்கே பலருக்குத் தெரியும். 1946 வரை அதே கலாசாலையில் படித்த இவோன், பின்பு அங்கேயே உதவி ஆசிரியையாகி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர் எடுத்த கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கணிதப் பௌதிகம் எது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஈர்ப்புப் பற்றிய ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் 1915 இல் வந்தவை. மிகக் கடினமானவை. ஒரு சில எளிய நிலைமைகளுக்கு மட்டும் விடை கண்டிருந்தார்கள். இவோன் கேட்டது விடை என்ன என்றல்ல. இன்றைக்கு உலகம் இப்படி இருக்கின்றது என்று கொடுத்தால், அடுத்து வரப் போவதை அந்தச் சமன்பாடுகள் உண்மையிலேயே தீர்மானிக்கின்றனவா? அப்படி ஒரு விடை இருக்கத்தான் வேண்டுமா? தொடக்க நிலை முறையாகக் கொடுக்கப்பட்டால் ஒரு குறிப்பிட்ட காலத்திற்காவது விடை உண்டு, ஈர்ப்பின் தாக்கமும் ஒளியை விட வேகமாகப் பரவாது என்று 1952 இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவினார். அந்த நாட்களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்தபோது ஐன்ஸ்டைனையே சந்தித்துத் தன் வேலையை விளக்கியிருக்கின்றார். இரண்டு கருந்துளைகள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலையை 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி முதன்முதலாகக் கருவிகளில் பிடித்தார்கள் அல்லவா? அப்படியான மோதலைக் கணனியில் கணக்கிட்டுப் பார்க்கும் வேலைக்கு அத்திவாரங்களில் ஒன்று இந்தப் பெண் தாளில் நிறுவியது. அலை பிடிபட்டபோது அவருக்கு வயது 91. பிரான்ஸின் விஞ்ஞானக் கழகம் 1666 இல் தொடங்கியது. 1911 இல் மேரி கியூரியையே அது சேர்த்துக் கொள்ளவில்லை. 1979 இல் அதன் முதல் பெண் உறுப்பினராகத் தெரிவானவர் இவோன். 2025 பெப்ரவரியில் 101 வயதில் காலமானார்.

செசீல் 1947 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். டப்ளின், கோப்பன்ஹேகன், பிரின்ஸ்டன் என்று ஆராய்ச்சிக்குப் போனார். ஒரு சிறு துணிக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போகக்கூடிய வழி எத்தனை உண்டோ அத்தனையையும் கூட்டிக் கணக்கிடும் ஒரு முறை உண்டு, அதற்கு உறுதியான கணித அடிப்படை கொடுப்பதில் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். 1951 இல் பிறைஸ் டிவிட் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளரைத் திருமணம் செய்தார். யுத்தத்தில் நொந்து போன தன் நாட்டை விட்டுப் போகின்றோமே என்று மனம் கேட்கவில்லை. போவதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று, அதே வருடம் அல்ப்ஸ் மலையிலுள்ள லெ ஊஷ் என்ற கிராமத்தில் இளம் பௌதிகவியலாளருக்கு ஒரு கோடைகாலப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மாணவராக இருந்த சிலர் பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள். அது இன்றும் நடக்கின்றது. அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். அமெரிக்காவில் கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் பேராசிரியராக இருக்கக் கூடாது என்ற விதியால், அவரை விரிவுரையாளராகக் கீழே இறக்கி வைத்த பல்கலைக்கழகமும் உண்டு. 2017 இல் இறந்தார்.

இந்த இருவரும் மார்கரெட் டிலார்ட்-பிளைக் என்ற இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1977 இல் ஒரு தடித்த நூலை வெளியிட்டார்கள். பௌதிகவியலுக்கு வேண்டிய உயர் கணிதத்தைச் சொல்லும் நூல். கணிதப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் பல நாடுகளில் அதைப் பயன்படுத்தி வந்திருக்கின்றார்கள். அட்டையில் மூன்று பெயர், மூன்றும் பெண்கள்.

இனி எங்கள் அக்காவின் கேள்விக்கு வருவோம். வேலை?

கணிதப் பௌதிகம் என்ற பெயரிலேயே பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் எடின்பரோ, வாட்டர்லூ போன்ற இடங்களில் உள்ளன. எங்கள் பிள்ளைக்கு வழி, விஞ்ஞான பீடத்தில் கணிதத்தையும் பௌதிகவியலையும் சேர்த்து எடுத்து, பின்பு அதில் ஒன்றில் சிறப்புப் பட்டத்திற்குத் தெரிவாவதுதான். பொதுப் பட்டம் 3 வருடம், சிறப்புப் பட்டம் 4 வருடம். முதல் வருடங்களின் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்திற்கு எடுப்பார்கள். ஆகவே முதல் வருடத்தை அசட்டையாக விடக் கூடாது. இன்னொன்று, ஆங்கிலம். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் ‘தாயம்’ என்று படித்த பிள்ளைக்கு அங்கே ‘மேட்ரிக்ஸ்’ என்றால் அது வேறு ஏதோ என்று தோன்றும். கிராமத்துப் பாடசாலையிலிருந்து போகும் பிள்ளைகளை மடக்குவது கணிதத்தை விட இதுதான் என்று நினைக்கின்றேன். பதிவுக்கு முன்னுள்ள மாதங்களில் உயர்தரப் பௌதிகத்தையே ஆங்கில நூலில் ஒரு தரம் வாசித்துப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதை விட இது பயனுள்ளது.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல அல்லது நிதியுதவிக் கொடுப்பனவுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். அதற்கான பத்திரங்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கணவர் காணாமல் போன வீடுகளில் தகப்பனின் விபரம் கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் பேனையை வைத்துக் கொண்டு இருப்பதைக் கண்டிருக்கின்றேன். அதைத் தனியே நிரப்ப விடாதீர்கள். எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கொடுப்பனவு சாப்பாட்டுக்கே காணாது என்பதையும் சொல்லி விட வேண்டும், அதுவும் முதல் மாதங்களில் பிந்தித்தான் வரும்.

பட்டம் கிடைத்த கையோடு வேலை என்று நான் சொல்ல மாட்டேன். 2017 இல் பட்டதாரிகள் வேலை கேட்டு யாழ்ப்பாணத்தில் மாதக் கணக்கில் வீதியோரத்தில் இருந்ததை நாம் எல்லோரும் கண்டோம். ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லாப் பட்டமும் ஒன்றல்ல. கணிதமும் பௌதிகமும் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளை வன்னியில் எங்கள் வேலைக்காகப் போகும்போதே காண்கின்றோம். இந்தப் பிள்ளையும் இணைந்த கணிதத்திற்காகக் கிழமையில் மூன்று நாள் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய் வந்தவள்தான். அது தவிர வங்கி, காப்புறுதி, மென்பொருள், வானிலைத் திணைக்களம் என்று கணக்குத் தேவைப்படும் இடங்கள் உண்டு. சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு எடுத்தால், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தையும் செலவையும் பொறுத்து, பதிலுக்குக் கற்பிக்கும் வேலை கொடுக்கும் முறை இருக்கின்றது. முகவருக்குக் காசு கொடுத்துப் போகும் விடயமல்ல அது. அப்படி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

சென்ற வாரம் மறுபடி அக்காவின் வீட்டுக்குப் போனேன். தாதியர் பயிற்சி பற்றி நான் சொன்னது அவசரம் என்று முதலில் சொன்னேன். பிறகு மேலே எழுதியவற்றை எல்லாம் சொன்னேன். ஐன்ஸ்டைன் பற்றிச் சொன்னதில் அவருக்கு அக்கறை இல்லை. சம்பளம் பற்றி ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். கோழிக்கு அரிசிக் குருணல் போட்டு விட்டு வந்து திண்ணையில் இருந்தார்.

“அந்தக் குண்டு விழுந்த வீட்டுப் பிள்ளை, சோதினை எழுதினது எண்டியள். பிறகு தொடர்ந்து படிச்சவளோ?”

“படிச்சவா அக்கா. மூண்டு வருசத்தில கலாநிதிப் பட்டமே எடுத்திட்டா.”

“தாயும் இல்லாமல்.”

“ஓம்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவார், அவர்தான் முடிவு சொல்ல வேண்டும், அவர் கொழும்பில் கணக்கியல் படிக்கட்டும் என்று நிற்கின்றார், நீ வந்து அவருக்கு விளங்கப்படுத்து தங்கச்சி என்றார். வருகின்றேன், ஆனால் நான் பேசவில்லை, மகளே பேசட்டும் என்றேன். மகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். பெரியப்பாவை ஊஞ்சலில் இருத்தலாமா என்று கேட்டாள். கயிறு தாங்காது என்றார் தாய்.